கீழே வைக்கக் கூடாத கொம்பு

பாரி, இத்தாலி
18 ஜனவரி 2004

எல்குஜா,

நம் ஊருக்கும் இத்தாலிக்கும் மினிபஸ் ஓட்டும் மல்காஸ் இன்று உன் கடிதத்தையும் திராட்சைப் பாகில் தோய்த்த அக்ரூட் சரத்தையும் கொண்டுவந்து கொடுத்தான். சரத்தை இங்கே பூங்காவில் கூடும் நம் ஊர்ப் பெண்களுக்குப் பங்கு போட்டுவிட்டேன். நான் ஒன்றுகூடத் தின்னவில்லை.

நீ கேட்டதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். கல்லறைக் கல்லில் என் புருஷன் ஜும்பேரின் முகம் மட்டும் போதும். பக்கத்தில் என் முகத்தையும் செதுக்கி, பிறந்த வருஷத்தைப் போட்டு, மீதியைக் காலியாக விட்டுவைக்கட்டுமா என்று கல்தச்சர் கேட்டாராமே. ஊர் வழக்கம் எனக்கும் தெரியும். வேண்டாம் என்று சொல்லு. நான் செத்தால் என்னை வேறு எங்காவது புதையுங்கள்.

போனில் ஏன் பேச மறுக்கிறேன் என்று வருத்தப்பட்டிருக்கிறாய். உன் குரல்தான் காரணம். முப்பது வருஷமாக விருந்துகளில் தமதாவாக, மேசைத் தலைவனாக உட்கார்ந்து, வாழ்த்துச் சொல்லிச் சொல்லி வளர்ந்த குரல். நீ வாயைத் திறந்தால் வரப்புச் சண்டைக்காரர்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். அந்தக் குரலைக் கேட்டால் நான் தோற்றுவிடுவேன். சொல்ல வேண்டியதை எழுது.

நான் இங்கே கிளம்பிய அன்று நீயும்தான் வீட்டில் இருந்தாய். தெலாவி டாக்டர் சொன்னதை நாம் மூன்று பேரும் சேர்ந்துதான் கேட்டோம். ஈரல் கெட்டுவிட்டது, உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் வீங்கியிருக்கின்றன, இனி குடித்தால் வெடித்துவிடும் என்றார். ஜும்பேர் புனித கியோர்கி படத்தின் முன்னால் நின்று, "லமாரா, நீ திரும்பி வர்ற வரைக்கும் ஒரு சொட்டு தொட மாட்டேன். தொட்டேன்னா நீ எம்மூஞ்சிலயே முழிக்காத" என்று சொன்னார். அந்தச் சொல்லை நம்பித்தான் நான் பஸ் ஏறினேன்.

அக்டோபரில், அந்தக் கல்யாண விருந்துக்கு மறுநாள், நீ போனில் சொன்னதும் எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. "அக்கா, நான் எவ்வளவோ தடுத்தேன். கேக்கல. அவரே எந்திரிச்சு வந்து ஒயின் கொம்பைக் கேட்டு வாங்கி மொத்தமும் குடிச்சாரு." அதைக் கேட்டதும் என் அழுகை நின்றுவிட்டது. செத்துப்போனவருக்காக அழலாம். சத்தியம் செய்துவிட்டு, நான் தொலைவில் இருக்கிறேன் என்று ஏமாற்றியவருக்காக எப்படி அழுவது?

இங்கே தங்க எனக்குச் சீட்டு இல்லை, வந்தால் திரும்ப முடியாது, அதனால்தான் அடக்கத்துக்கு வரவில்லை என்று ஊரில் சொல்லியிருப்பாய். சீட்டு இருந்திருந்தாலும் வந்திருப்பேனா என்பது எனக்கே தெரியாது.

லமாரா

*

குர்ஜானி
9 பிப்ரவரி 2004

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கல்தச்சரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கல் வந்து இறங்கிவிட்டது, நல்ல கருங்கல். வருஷ நினைவுக்கு அக்டோபர் வரை நேரம் இருக்கிறது. நீ அவசரப்படாதே.

மச்சானை நீ இவ்வளவு கடுமையாக நினைக்கக் கூடாது. மனிதன் பலவீனமானவன். அதிலும் கொம்பு என்பது சாதாரணப் பாத்திரம் இல்லை. பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடத்தில் நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. மேற்கே வானி என்ற ஊரில் மண்ணைத் தோண்டியபோது சுண்டுவிரல் உயரத்தில் ஒரு வெண்கல மனிதன் கிடைத்தான். உட்கார்ந்திருக்கிறான், கையில் கொம்பு. இரண்டாயிரத்து அறுநூறு வருஷமாக அதைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு முன்னால் நாடோடிகள் மாட்டுக் கொம்பில் குடித்தார்கள். பிறகு ராஜாக்கள் வந்தார்கள், அதே கொம்புக்கு வெள்ளி விளிம்பு கட்டி, சங்கிலி கோத்து, நுனியில் ஆட்டுத் தலையோ சிங்கத் தலையோ வார்த்து வைத்தார்கள். மலைக்காரர்கள் வேட்டையில் விழுந்த காட்டாட்டின் கொம்பைக் கோயில் சுவரில் சாத்திக் காணிக்கையாக்கினார்கள்.

அலங்காரம் எத்தனை மாறினாலும் கொம்பின் வேலை மாறவில்லை. கோப்பைக்கு அடிப்பாகம் உண்டு; கொம்புக்குக் கிடையாது. நிரப்பிக் கையில் கொடுத்துவிட்டால் காலியாகும் வரை கையிலேயே இருந்தாக வேண்டும். பாதியில் வைத்தால் கவிழ்ந்துவிடும். கையில் அது இருக்கும்வரை கத்தியைத் தொட முடியாது, அதனால் பகைவனோடும் உட்கார்ந்து குடிக்கலாம் என்று பழையவர்கள் சொல்வார்கள். சொன்ன சொல்லை முழுசாக முடிப்பவன் என்று ஊருக்குக் காட்டத்தான் கொம்பு. அப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்ததும் மச்சானுக்கு மனம் அடங்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அவர் இருந்தவரை உன் பெயரைச் சொல்லாமல் ஒரு நாளும் சாப்பிட உட்காரவில்லை. அந்தக் கல்லில் அவரைத் தனியாக நிறுத்தாதே அக்கா. கேட்டுக்கொள்கிறேன்.

தேன் பெட்டிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். குளிரில் இரண்டு கூடு செத்துவிட்டது.

உன் தம்பி
எல்குஜா

*

பாரி
14 மார்ச் 2004

எல்குஜா,

செத்துப்போன என் புருஷனைப் பற்றிக் கேட்டேன். நீ எனக்கு ஏழாம் வகுப்புப் பாடம் அனுப்பியிருக்கிறாய். வெண்கல மனிதன் எதைப் பிடித்துக்கொண்டிருந்தால் எனக்கென்ன? அவனுக்கு ஈரல் இல்லை.

சொன்ன சொல்லை முழுசாக முடிப்பவன் என்று காட்டத்தான் கொம்பாம். எனக்குக் கொடுத்த சொல்லும் சொல்தானே? அதை முடிக்க எந்தப் பாத்திரம் வேண்டும்?

நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. ஒரு காலத்தில் கப்பலில் அதிகாரியாக இருந்தவர். வாய் கோணியிருக்கும், ஆனாலும் தினமும் சாயங்காலம் ஒரு விரல்கடை ஒயின் கேட்பார். நான் கரண்டியில் ஊற்றி ஊட்டுவேன். அந்த வாசனை வந்தால் எனக்கு ஜும்பேரின் முகம் வருகிறது, உடனே கோபமும் வருகிறது. இப்படி ஒரு வேலை எனக்கு.

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்டோபரில் நீ போன் செய்த நான்கு நாளைக்குப் பிறகு மல்காஸ் ஒரு கடிதம் கொண்டுவந்தான். அந்தக் கல்யாணத்துக்கு முன்னால் ஜும்பேர் எழுதிக் கொடுத்தது. உறைமேல் அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்ததும் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. எல்லாம் பொய்யாகத்தானே இருக்கும் என்று பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். ஐந்து மாதம் அங்கேயே கிடந்தது. போன வாரம் குளிர்காலத் துணிகளை எடுத்து வைக்கும்போது கையில் தட்டுப்பட்டது. பிரித்தேன்.

தேனைப் பற்றி, கூரை ஓட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். கடைசியில் இப்படி இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்:

"அன்ஸோர் மகன் கல்யாணம் சனிக்கிழமை. நான் அவனுக்கு ஞானத்தகப்பன், போகாமல் இருக்க முடியாது, கொம்பைத் தொடாமலும் இருக்க முடியாது. நீ பயப்படாதே. உன் தம்பியிடம் பேசிவிட்டேன். அவன் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறான். உனக்குக் கொடுத்த சொல் அப்படியே இருக்கும்."

என்ன ஏற்பாடு, எல்குஜா? நீ அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

லமாரா

*

குர்ஜானி
26 ஏப்ரல் 2004

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளியில் வேலை, பிறகு ஈஸ்டர். மறுநாள் கல்லறைக்குப் போய் மச்சானின் மண்மேல் சிவப்பு முட்டை உருட்டிவிட்டு, ஒயின் ஊற்றிவிட்டு வந்தோம். ஒயினை நான் ஊற்றவில்லை, அன்ஸோரை ஊற்றச் சொன்னேன்.

ஏற்பாடு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அவரைக் கடைசி மேசையில் வயதானவர்களோடு உட்கார வைப்பதாகச் சொல்லியிருந்தேன். அங்கே கொம்பு போகாது, சின்னக் கோப்பைதான் போகும். அவ்வளவுதான். பிறகு பாட்டு ஆரம்பித்தது, எல்லோரும் எழுந்தார்கள், அவரும் எழுந்து வந்துவிட்டார். நான் என்ன செய்ய முடியும்? அத்தனை பேர் முன்னால் ஞானத்தகப்பன் கையைப் பிடித்து இழுக்க முடியுமா?

நடந்ததையே கிளறிக்கொண்டிருந்தால் உன் உடம்புதான் கெடும். அன்ஸோர் ஈஸ்டர் விருந்துக்குத் தமதாவாக வரச் சொன்னார். போகவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னேன். "தமதாவுக்கே தொண்டை கட்டினா நாங்க யாரைப் பாத்துக் குடிக்கிறது?" என்று வாசலில் நின்று கிண்டல் செய்துவிட்டுப் போனார்.

கல்தச்சர் மச்சானின் முகத்தை ஆரம்பித்துவிட்டார். மீசை நன்றாக வந்திருக்கிறது. பக்கத்து இடத்தை இன்னும் தொடவில்லை.

எல்குஜா

*

பாரி
30 மே 2004

எல்குஜா,

போன ஞாயிறு பூங்காவுக்கு அன்ஸோரின் தங்கை வந்திருந்தாள். தன் அண்ணன் மகன் கல்யாணத்தை அவளும் பார்க்கவில்லை அல்லவா, அதனால் வீடியோ கேசட்டை மல்காஸிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். "வேணாம் லமாரா, பாக்காத, தாங்க மாட்ட" என்றாள். நான் விடவில்லை. அவள் வேலை செய்யும் வீட்டில் யாரும் இல்லாத மதியத்தில் உட்கார்ந்து பார்த்தோம்.

கடைசி மேசையில் வயதானவர்களோடு என்று எழுதினாயே. ஜும்பேர் உன் மேசையில், உனக்கு மூன்று ஆள் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். நீல நிறச் சட்டை, நான் இங்கிருந்து அனுப்பியது.

அவர் தானாக எழுந்து வரவில்லை. நீ எழுந்தாய். "வெளிநாட்டுல அடுத்தவங்க வீட்டுல நின்னுக்கிட்டு, நம்ம வீட்டு அடுப்பை எரிய வைக்கிற நம்ம பொண்ணுங்களுக்காக" என்று ஆரம்பித்தாய். நன்றாகத்தான் பேசினாய். அன்ஸோரின் தங்கை பக்கத்தில் விம்மினாள். கடைசியில், "என் அக்கா லமாராவுக்காக. இந்த வாழ்த்தை முடிக்க வேண்டியவர் அவ புருஷன்" என்று ஜும்பேரைக் காட்டினாய். எல்லோரும் கை தட்டினார்கள்.

என் பெயரைச் சொல்லித்தான் குடிக்க வைத்தாய். அதையும் என்னிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான்கு தடவை திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தேன். நீ குடித்து முடித்த வெள்ளி விளிம்புக் கொம்பு உன் கையிலேயே இருக்கிறது. ஜும்பேர் எழுந்து வந்து, அதற்குத்தான் கை நீட்டுகிறார். உன் பக்கத்தில் பெண் வீட்டுக்காரர் ஒருவர், தொந்தியும் சிவப்பு டையுமாக, உன் கையில் உள்ளதைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். நீ அந்தக் கொம்பைச் சட்டென்று இடது கைக்கு மாற்றி மேசைக்குக் கீழே கொண்டுபோகிறாய். சுவரில் தொங்கிய இன்னொரு பெரிய கொம்பை எடுக்கச் சொல்லி, நிரப்ப வைத்து, அதை அவர் கையில் கொடுக்கிறாய். அவர் உன் காதில் என்னவோ சொல்கிறார். நீயும் பதில் சொல்கிறாய். பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் முகம் கேமராப் பக்கம் திரும்புகிறது. எனக்கு அந்த முகத்தைத் தெரியும், எல்குஜா. முப்பத்திரண்டு வருஷம் பார்த்த முகம். குடிக்க ஆசைப்பட்டவரின் முகம் அது இல்லை.

அவர் ஏன் உன் கொம்பைக் கேட்டார்? நீ ஏன் கொடுக்கவில்லை? காதில் என்ன சொன்னார்? சரித்திரம் வேண்டாம். இந்த மூன்றுக்கு மட்டும் பதில் எழுது. எழுதாவிட்டால் இனி உன் கடிதங்களை நான் பிரிக்க மாட்டேன்.

லமாரா

*

குர்ஜானி
28 ஜூன் 2004

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை முடித்ததும் திரும்பப் படிக்காமல் மல்காஸிடம் கொடுத்துவிடப் போகிறேன்.

என் வெள்ளி விளிம்புக் கொம்பில் பாதிக்கு மேல் மெழுகு. வெளியே பார்த்தால் ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும் மாட்டுக் கொம்பு. உள்ளே ஒரு கோப்பை ஒயின்தான் போகும். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான்.

உனக்கு நினைவிருக்கும், தெலாவியில் ஒரு விருந்தில் நான் மயங்கி விழுந்துவிட்டேன். தமதா விழக் கூடாது. எல்லோரும் குடிப்பதை அவனும் குடிக்க வேண்டும், எல்லோரும் உளறும்போது அவன் தெளிவாகப் பேச வேண்டும். என்னால் முடியவில்லை. இனி யாரும் என்னை அழைக்க மாட்டார்கள் என்று உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து அழுதேன். நீ அப்போது சந்தைக்குப் போயிருந்தாய். மச்சான்தான் தன் தேன்கூட்டு மெழுகை உருக்கி, கொம்பின் நுனிப்பக்கம் ஊற்றி, ஆறவிட்டு, கரித்தூள் தேய்த்து உள்பக்கம் கருப்பாக்கினார். "மாப்ள, கடவுள் உனக்கு வாயைப் பெருசா வச்சிட்டு வயித்தைச் சின்னதா வச்சிட்டான். நாம கொஞ்சம் சரி பண்ணிக்குவோம்" என்று சிரித்தார். எங்கள் இரண்டு பேரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. உனக்குக்கூடச் சொல்லாமல் அவர் காப்பாற்றினார். என் கொம்பை நானே நிரப்பிக்கொள்வேன். அதைத் தமதாவின் கர்வம் என்று ஊர் நினைத்தது. கொம்பில் பொய் சொல்ல முடியாது என்று பிள்ளைகளுக்கு நான்தான் பாடம் நடத்தினேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் மச்சான் வந்தார். "மாப்ள, மூணு வருஷமா ஏதேதோ சாக்குச் சொல்லித் தப்பிச்சிட்டேன். ஞானத்தகப்பன் குடிக்கலைன்னா பையனுக்கு ஆகாதும்பாங்க. என் முறை வரும்போது உன் கொம்பைக் குடு. அதுல தண்ணியை ஊத்தி ரெண்டு சொட்டு ஒயினைக் கலந்துரு, நிறத்துக்கு. லமாராவுக்குச் சொல் குடுத்திருக்கேன்" என்றார். நான் சரி என்றேன். உன் பெயரில் வாழ்த்துச் சொல்லி அவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்பதும் என் யோசனைதான். மேசைக்கு அடியில் தனியாக ஒரு கூஜாவில் தண்ணீர்கூடக் கலந்து வைத்திருந்தேன். அது கடைசி வரை அங்கேயே இருந்தது.

சிவப்பு டை கட்டியவர் பெண்ணின் மாமா. மேற்கே இமெரெத்திப் பக்கத்துக்காரர். அவரும் அவர் ஊரில் தமதா. ஆரம்பத்திலிருந்தே என் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து உன் பெயரைச் சொல்லி முடித்ததும், "நல்லது. உங்க மச்சான் குடிச்சு முடிச்சதும் அந்தக் கொம்பு அப்படியே நம்ம கைக்கு வரட்டும் தமதா. நானே நிரப்பிக்கிறேன். எவ்வளவு பிடிக்குதுன்னு பாப்போம்" என்றார். குடித்தவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போவதுதான் வழக்கம், மறுக்க முடியாது. அவர் கைக்குப் போனால் முதல் ஊற்றிலேயே நிரம்பி வழிந்திருக்கும். இருநூறு பேர் பார்த்திருப்பார்கள்.

நான் யோசித்தது அவ்வளவுதான் அக்கா. ஈரலும் நினைவில் இல்லை, டாக்டரும் நினைவில் இல்லை. என் கொம்பு அந்த ஆள் கைக்குப் போகக் கூடாது. அது ஒன்றுதான். சுவரில் இருந்ததை எடுக்கச் சொன்னேன்.

அதைக் கையில் வாங்கியதும் கனம் தெரிந்துவிட்டது அவருக்கு. "மாப்ள, இது அது இல்லையே" என்றார். நான் சொன்ன பதில் இது: "இந்த ஒரு தடவை மட்டும் மச்சான். அக்கா பேரைச் சொல்லியாச்சு. கீழ வச்சிராத."

அவர் கொம்பை இரண்டு கையாலும் தூக்கினார். பிறகு குடித்தார்.

மறுநாள் காலையில் தேன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ரத்தமாக வாந்தி எடுத்தார். நான்தான் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தேன். வண்டி வருவதற்குள் குரல் போய்விட்டது. போவதற்கு முன்னால், "லமாராகிட்ட நீ சொல்லிரு" என்றார். எதைச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அன்றைக்கே உனக்குப் போன் செய்து, அவரே எழுந்து வந்து வாங்கிக் குடித்தார் என்று சொன்னேன்.

நீ அவரைச் சபித்தபோதெல்லாம் எனக்கு உள்ளே எரிந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் நீ என்னைச் சபிப்பாய் என்று பயந்தேன். எனக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை. அதுவும் ஒரு காரணம். ஊர் அடுத்த காரணம்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

எல்குஜா

*

குர்ஜானி
23 ஆகஸ்ட் 2004

அக்கா,

மல்காஸ் ஏழு வாரமாக வெறும் கையோடு வருகிறான். "உங்க அக்காவைப் பாத்தேன் சார், நல்லாத்தான் இருக்காங்க, ஒண்ணும் குடுக்கல" என்கிறான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கல் முற்றத்தில் படுத்துக் கிடக்கிறது. மச்சானின் முகம் முடிந்துவிட்டது. பக்கத்து இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. கல்தச்சர், "ஒண்ணு செதுக்கச் சொல்லுங்க, இல்ல வேணாம்னு சொல்லுங்க வாத்தியாரே. இப்படிப் பாதிக் கல்லை வச்சிட்டு நான் எத்தனை நாள் காத்திருக்கிறது?" என்று சத்தம் போட்டார். நினைவு நாள் அக்டோபர் பன்னிரண்டு. ஊரில் இன்னும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அன்றைக்கு மேசைக்குத் தமதாவாக என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். உறவுக்காரன் என்பதால் மறுக்கவும் முடியவில்லை, ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அந்தக் கொம்பை உடைத்து அடுப்பில் போட்டுவிடட்டுமா? நீ சொன்னால் செய்கிறேன். திட்டியாவது எழுது.

எல்குஜா

*

பாரி
19 செப்டம்பர் 2004

எல்குஜா,

எழுதவில்லை என்றால் எழுத ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. எழுதினால் என்ன எழுதியிருப்பேன் என்பது எனக்கே பயமாக இருந்தது.

கொம்பை உடைப்பதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம். அது ஏதோ ஒரு மாட்டின் தலையில் முளைத்தது. அதன்மேல் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. மெழுகு ஊற்றிக் குடித்ததற்காகக்கூட உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஊரை ஏமாற்றினாய், ஊருக்கு அது வேண்டியிருந்தது. ஒரு கோப்பைக் குடிகாரனை ஒரு லிட்டர்க்காரன் என்று நம்பிச் சந்தோஷமாக இருந்தார்கள். கேட்டவருக்குக் கொடுக்காமல் போனாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அதைவிட, ஒன்பது மாதம் என்னை அந்த மனிதரைத் திட்ட விட்டாய். செத்தவர் திரும்பப் பேச மாட்டார் என்ற தைரியம்.

மன்னிப்பைப் பற்றி எழுதியிருந்தாய். அது என்னிடம் இல்லை. நாளைக்கு வருமா என்றும் சொல்ல முடியாது. வரும் என்று நம்பி நீ தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இத்துடன் என் போட்டோ இருக்கிறது. கல்தச்சரிடம் கொடு. ஜும்பேருக்குப் பக்கத்தில் என் முகத்தைச் செதுக்கச் சொல்லு. வயசைக் குறைக்க வேண்டாம், இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும். பிறந்த வருஷத்தைப் போட்டு மற்றதைக் காலியாக விடட்டும்.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி ஊரே கல்லறைக்கு வரும். அன்ஸோரும் வருவார், அவர் மகனும் மருமகளும் வருவார்கள். பாதிரியார் செபத்தை முடித்ததும், எல்லோரும் மேசைக்குக் கிளம்புவதற்கு முன்னால், இந்த உறையில் தனியாக மடித்து வைத்திருக்கும் காகிதத்தை நீ சத்தமாக வாசிக்க வேண்டும். அது உனக்கு எழுதியது இல்லை. ஒரு சொல்லை விட்டாலும் எனக்குத் தெரிந்துவிடும், அன்ஸோரின் தங்கைக்கு ஊரிலிருந்து வாராவாரம் போன் வருகிறது. அதற்குப் பிறகு நீ தமதாவாக உட்காருவதா, வீட்டுக்குப் போவதா என்பதை ஊர் சொல்லும்.

லமாரா

*

ஜும்பேர்,

நான் லமாரா. வர முடியவில்லை, எழுதி அனுப்புகிறேன்.

ஒன்பது மாதமாக உன்னைப் பொய்யன் என்று திட்டிக்கொண்டிருந்தேன். மனசுக்குள் மட்டும் இல்லை, சமையல்கட்டில் நின்று வாய்விட்டும் திட்டினேன். அந்தப் பெரியவர் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துப் பயந்துபோனார். நீ கடைசியாக எழுதிய கடிதத்தை ஐந்து மாதம் பிரிக்காமல் வைத்திருந்தேன். உன் பக்கத்தில் என் முகம் வேண்டாம் என்று சொன்னேன். எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நீ எனக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றத்தான் பார்த்தாய். அதற்காகத்தான் மெழுகு வார்த்த கொம்பைக் கேட்டாய். என் தம்பியின் கொம்பில் மெழுகு இருப்பது உனக்குத் தெரியும், நீதான் ஊற்றினாய். அதை உனக்குத் தருகிறேன் என்று சொன்னான். சபையில் தன் பெயர் போய்விடும் என்று பயந்து நிறைகொம்பைக் கொடுத்தான். என் பெயரைச் சொல்லிக் கொடுத்தான். நீயே கேட்டு வாங்கிக் குடித்தாய் என்று பிறகு என்னிடம் சொன்னான். அது பொய். இங்கே நிற்கும் எல்லோரும் அதைத் தெரிந்துகொள்ளட்டும்.

நீ அதைக் கீழே வைத்திருக்கலாம். ஒயின் கொட்டியிருக்கும், இமெரெத்திக்காரர்கள் சிரித்திருப்பார்கள், ஒரு மேசைவிரிப்பு வீணாகியிருக்கும். என் பெயரைச் சொன்ன பிறகு கீழே வைக்க உனக்கு மனசு வரவில்லை. என் பெயரைவிட நீ உயிரோடு இருந்திருந்தால் எனக்குப் போதும் என்பது உனக்குத் தெரியாதா? அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. நான் வந்து உன் பக்கத்தில் படுக்கும்போது சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இப்போது உனக்கு இதை வாசிப்பவன் யார் என்று உனக்குத் தெரியும். அவன் முடிக்கும்வரை பொறுத்துக்கொள்.